டிரைவர் எத்தனை ஓம்?

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள டிரைவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை. ஆனால் மச்சினனோடு பேச உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் எங்காவது போய் முட்டிக்கொள்வார்.

அன்று முட்டியது வீட்டு அழைப்பு மணியில். மணி அடிக்கவில்லை என்று அதைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தினார். அப்போதும் அடிக்கவில்லை, புகைதான் வந்தது. சலூன் வைத்திருக்கும் மச்சினன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மாமா, மணி அடிக்கச் சொன்னா சுருட்டு பிடிக்குதே!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியும் தம்பியோடு சேர்ந்துகொண்டாள். அங்கேதான் டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிங்க, நல்லா சிரிங்க. எலக்ட்ரானிக்ஸ் வகுப்புல சேர்ந்து மூணே மாசத்துல பாஸ் பண்ணிக் காட்டறேன். பண்ணலைன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!”

அது லேசுப்பட்ட மீசை இல்லை. கல்யாணத்துக்கு முன்பே வந்தது, ஆகையால் அந்த வீட்டில் மனைவியைவிட அது சீனியர். டிப்போவில் அவருக்குப் பெயரே மீசைக்காரர்தான். மச்சினன் அதைத் தொழிலாளியின் கண்ணோடு இடமும் வலமும் பார்த்தான். “ரெண்டே இழுப்பு மாமா. கத்தியைத் தீட்டி வைக்கறேன்.”

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் டிரைவர் முழங்காலை மடக்கி உள்ளே நுழைவதற்குள்ளேயே பாதிப் பாடம் முடிந்திருக்கும். டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவள் இவரை “சார்” என்பாள், இவர் அவளை “டீச்சர்” என்பார். இப்படி ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டே முதல் மாதம் ஓடிப்போனது.

ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பொருள், எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதை ஓம் கணக்கில் சொல்வார்கள் என்பது வரை டிரைவருக்குப் புரிந்தது. பார்ப்பதற்கு அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, உடம்பில் வண்ணக்கோடு, இரண்டு பக்கமும் கம்பி மீசை. அந்த மீசையைப் பார்த்ததும் அவருக்கு அதன் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. அந்தச் சொந்தத்தில் மண் விழுந்தது இரண்டாவது மாதத்தில். ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால் மொத்தத் தடை பாதியாகக் குறையும் என்றாள் டீச்சர்.

“அதெப்படி டீச்சர்? ஒரு ஆள் தடுக்கறதைவிட ரெண்டு ஆள் தடுத்தா கூடத்தானே வேணும்? குறையுதுன்னா அதுல ஒருத்தன் வேலை செய்யலைன்னு அர்த்தம்!”

“சார், ஒவ்வொண்ணையும் தலைகீழாப் போட்டுக் கூட்டி, விடையைத் திரும்பத் தலைகீழாக்கிப் பாருங்க, வரும்.”

இரண்டும் பத்து ஓம் என்று வைத்துக்கொண்டு போட்டார். பத்தில் ஒன்று, கூட்டல், பத்தில் ஒன்று. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே பத்தும் பத்தும் இருபது. இருபதில் இரண்டு என்றால் திரும்பப் பத்தில் ஒன்று. “பாருங்க, அப்படியேதான் இருக்கு!” என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார். டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பாவம், பின்னத்தைக் கூட்டும் முறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

இது பிடிபட்டது வகுப்பில் அல்ல, பஸ்ஸில். ஒரு நாள் பின்கதவு சிக்கிக்கொண்டது. கடைசி நிறுத்தத்தில் அத்தனை பேரும் முன்கதவு வழியாகவே முட்டி மோதி, ஒருவர் காலை ஒருவர் மிதித்து இறங்கினார்கள். அடுத்த நடையில் பின்கதவு சரியானதும் பாதி நேரத்தில் பஸ் காலி. டிரைவர் ஹாரனை ஓங்கிக் குத்தி, “ஆகா! ரெண்டு வழி!” என்று கத்தினார். ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவர் பையைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

கதவு புரிந்த கையோடு ஓம் அளக்கும் மீட்டர் ஒன்றையும் ஒரு பிடி ரெசிஸ்டரையும் வீட்டுக்கு வாங்கி வந்தார். அங்கே புதுத் தலைவலி. பழுப்பு, கறுப்பு, பச்சைக் கோடு போட்டது பத்து லட்சம் ஓம் காட்ட வேண்டும். வகுப்பில் டீச்சர் துளை போட்ட பலகையில் செருகி அளந்தால் சொல்லி வைத்தாற்போல் பத்து லட்சம் வரும். வீட்டில் டிரைவர் இரண்டு கம்பியையும் மீட்டர் குச்சிகளோடு சேர்த்து, இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று என்று விரலால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் ஒரு நாள் ஐந்து லட்சம், ஒரு நாள் நாலு.

“நீ பிடி, பார்ப்போம்” என்று மனைவியைக் கூப்பிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து பிடித்தாள். இரண்டு லட்சம்!

“என்னங்க, எனக்கு இவ்வளவு கம்மியா காட்டுது?”

“உன்னைப் பார்த்தா அதுவும் பயப்படுது. நான் ஒருத்தன்தான்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன்.”

ஈரத் துணி பறந்து வந்து மீட்டரைத் தப்பி அவர் முகத்தில் விழுந்தது. ரெசிஸ்டர் எல்லாம் மட்டமான சரக்கு என்று தீர்ப்பு எழுதிவிட்டு டிரைவர் அந்த விஷயத்தைத் தலைமுழுகினார்.

பரீட்சை நாள் வந்தது. நூற்றுக்கு நாற்பது வாங்கினால் பாஸ். எழுத்துத் தேர்வில் முழி பிதுங்கி எழுதியதில், தாராளமாகப் போட்டாலும் இருபத்தைந்துக்கு மேல் தேறாது என்று அவருக்கே தெரிந்தது. மீதி செய்முறைத் தேர்வில் வர வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மச்சினன் நின்றுகொண்டிருந்தான். தோள் வரை வளர்த்த சுருள்முடியைக் கோதிக்கொண்டு, கையில் இருந்த சலூன் பையை லேசாகத் தட்டிக் காட்டினான்.

மேசையில் மீட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சீட்டு. ‘அளந்து எழுதவும். வண்ணக்கோடு சொல்லும் அளவோடு ஒத்துவராவிட்டால் காரணத்தைக் கணக்கோடு எழுதவும்.’ கோடுகளைப் பார்த்தார். பழுப்பு, கறுப்பு, பச்சை. அதே பாவி!

விரலால் இறுக்கிப் பிடித்தார். ஐந்து லட்சம். ஜன்னலைப் பார்த்தார், நாலு. மீசையை நினைத்தார், மூன்று. மச்சினன் பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது, இரண்டு. அவர் பயப்படப் பயப்பட அதுவும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு லட்சத்தில் வந்து நின்ற எண்ணை வெறித்துப் பார்த்தார். இது அவள் ஈரக் கையோடு பிடித்தபோது வந்த எண்ணாயிற்றே! தன் விரல்களைப் பார்த்தார். வியர்வையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

“அட மடையா!” என்று தன்னையே திட்டிக்கொண்டார், சத்தமாகவே. மின்சாரம் ரெசிஸ்டர் வழியாக மட்டுமா போகிறது? இந்தக் கை வழியாக ஏறி, அவருக்குள் நடந்து, அந்தக் கை வழியாக இறங்குகிறது. இத்தனை நாளாகப் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவரேதான்.

ரெசிஸ்டரை மேசையில் கிடத்தி, கை படாமல் குச்சி முனையால் மட்டும் தொட்டார். பத்து லட்சம், அச்சு பிசகவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். ரெசிஸ்டரும் அவரும் சேர்ந்து இரண்டு லட்சம், ரெசிஸ்டர் மட்டும் பத்து; அவர் எவ்வளவு என்று பார்க்க இரண்டில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்தத் தடவை கீழே இருப்பதைப் பத்தாக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கழித்தார். பத்தில் நாலு. தலைகீழாகத் திருப்பினால் இரண்டரை.

விடைத்தாளைத் திருத்தும்போது டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: ‘ரெசிஸ்டர் நல்லதுதான். கோளாறு என்னிடம். நான் இரண்டரை லட்சம் ஓம். பயப்படாமல் இருந்தால் பத்து லட்சம் வரை வருவேன்.’

“சார், இதுக்கு மட்டும் இருபதுக்கு இருபது” என்றாள். மொத்தம் நாற்பத்து மூன்று. டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முழு மார்க் என்பதை அவர் அடுத்தவன் நோட்டில்தான் பார்த்திருக்கிறார். மீசையைத் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மச்சினனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. “நாப்பத்து மூணெல்லாம் ஒரு மார்க்கா மாமா? நான் சேர்ந்தா எண்பது. எடுக்கலைன்னா இந்த முடியை மொட்டை அடிச்சுக்கறேன்!” என்றான். வாயைக் கொடுப்பது அந்தக் குடும்பத்தில் ஒருவரோடு நிற்கிற வியாதி இல்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சினன் அதே மீட்டரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கம்பியையும் இரண்டு கைவிரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். “என்ன மாமா இது, பத்து லட்சம்னு போட்டிருக்கு, நாலுதான் காட்டுது. மட்டமான சரக்கு!”

மனைவி டிரைவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளைக் கண்ணால் அடக்கிவிட்டு, டிரைவர் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். பார்வை அந்தச் சுருள்முடியின் மேல் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுப் பாரு மச்சான்.”

மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். மூன்று லட்சம்.