பதினேழாம் நம்பர் பம்ப் கிடைத்த இடம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. விளக்கக் கடிதமாகப் பிறந்தது. நாளைக் காலை பத்து மணிக்குள் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடு என்று மருத்துவமனை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பதினேழாம் நம்பர் பம்ப் மூன்று வாரம் எங்கே இருந்தது, அது இருக்கும் இடத்தைக் காட்டும் வில்லையிலிருந்து பேட்டரியை எடுத்தது யார், எடுக்கச் சொன்னது யார்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் கருவிகளைத் துடைக்கும் அறையில் வேலை செய்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் நான்"

இதற்கு மேல் நகரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கும் இந்த 'நான்'தான் காரணம். எழுந்து நின்று பதில் சொல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 'நான்' என்பதை அடித்து 'அவள்' என்று போட்டுப் பார்த்தேன். பேனா ஓடியது. ஆகவே இனி அவள்தான்.

2

"அன்று காலையிலிருந்தே மழை" (இல்லை. மழை பெய்யவில்லை. கதை என்றால் மழையில் தொடங்க வேண்டும் என்று ஒரு நினைப்பு.)

பம்பிலிருந்து தொடங்குகிறேன். ஊசிக்குழலில் இருக்கும் மருந்தைத் துளி பிசகாமல் நோயாளிக்குச் செலுத்தும் பெட்டி அது. ஒரு கையால் தூக்கலாம். போன வருடம் மருத்துவமனையின் எல்லாப் பம்புக்கும், சக்கர நாற்காலிக்கும், ஆக்சிஜன் உருளைக்கும் சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை வில்லை ஒட்டினார்கள். வில்லை எங்கே போனாலும் கீழ்த்தளத்துத் திரையில் புள்ளியாகத் தெரியும். சும்மா இருந்தால் பச்சை, வேலையில் இருந்தால் சிவப்பு, பேட்டரி செத்தால் சாம்பல். திரையைப் பார்த்துக்கொள்பவருக்குப் புள்ளி சார் என்று பெயர் விழுந்தது.

அதற்கு முன்னால் ஒவ்வொரு மாடியிலும் தேடல் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு இருந்தது. தேடிய பொருள், தேடியவர், நேரம், கிடைத்த இடம் என்று நான்கு கட்டங்கள். ["கிடைத்த இடம்: டாக்டர்கள் சாப்பிடும் அறை. நாற்காலியில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்." இந்தப் பக்கத்தை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.] ஒரு நாற்காலிக்காக நர்சுகள் மூன்று மாடி ஏறி இறங்கிய காலம் அது. வில்லை வந்ததும் அந்தக் கால்வலி போயிற்று. பாதி எழுதாத பதிவேடுகளும் குப்பைக்குப் போயின. அதாவது, போக இருந்தன.

3

இரண்டாம் மாடி வார்டின் தலைமை நர்சை எல்லோரும் பூட்டு அக்கா என்பார்கள். பஞ்சைக்கூடப் பூட்டி வைப்பவர். (இவரை வெறும் கஞ்சப் பிசினாறியாக எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பொய்யாகவும் இருந்தது.)

படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து, கையுறை டப்பாவைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவர் அவர். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. மறுநாள் ஆறு பழைய பதிவேடுகளைப் பையில் போட்டு நீட்டினார்.

"டப்பாவக் கிழிச்சிட்டா கையுறைய எதுல வைக்கிறது, உன் தலையிலயா? பேப்பர் வேணும்னா எங்கிட்ட கேளு."

அதோடு சரி. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகையால் மூன்று வாரத்துக்கு முன், பதினேழாம் நம்பர் துடைக்க வரும், வில்லையிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடு என்று அவர் கேட்டபோது, அவளும் ஏன் என்று கேட்கவில்லை. பேட்டரி அவளுடைய பேனா டப்பாவுக்குள் போனது. பம்ப் துணி அறையில் பச்சைப் போர்வைகளுக்குப் பின்னால் போனது. திரையில் பதினேழு, துடைக்கும் அறையிலேயே சாம்பலாக நின்றது.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அந்த வார்டிலிருந்து இரவல் போன பம்ப் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒன்பதாம் கட்டிலில் இருந்தவரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியவில்லை.

4

செவ்வாய்க்கிழமை காலை. மூன்றாம் மாடியில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு வயதுப் பையன். ஒரே சமயத்தில் மூன்று மருந்து போக வேண்டும். இருந்ததோ இரண்டு பம்ப். திரையில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. புள்ளி சார் துடைக்கும் அறைக்கே வந்துவிட்டார்.

"பதினேழு கடைசியா உங்கிட்டதான் வந்திருக்கு. ரிப்பேருக்குப் போச்சா?"

"தெரியல சார்."

"மேல ஒரு பொண்ணு கடிகாரத்தப் பாத்துப் பாத்து கட்டைவிரலால மருந்து தள்ளிக்கிட்டிருக்கு. எவ்வளவு நேரம்மா தள்ளும்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

(இந்த இடத்தில் 'அவள் நெடுநேரம் யோசித்தாள்' என்று எழுதியிருந்தேன். யோசிக்கவில்லை. பேனா டப்பாவைத் திறந்தாள்.)

துணி அறையில் போர்வைகளை விலக்கி, முதலில் பேட்டரியைப் போட்டாள். தூக்கிக்கொண்டு ஓடாமல் அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வாய் திறந்து சொல்லத் தெரியாதவள். 'இதோ இருக்கிறது' என்பதை அந்தப் புள்ளியே சொல்லட்டும் என்று விட்டாள். பிறகுதான் தூக்கினாள்.

நடைபாதையில் எதிரே பூட்டு அக்கா வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு வெற்று அழுக்குத்துணிப் பை. இருவரும் நின்றார்கள். அக்கா பம்பைப் பார்த்தார். வில்லையைப் பார்த்தார்.

"லிஃப்ட்டுக்கு நிக்காத. படியில ஓடு."

கனமான படிக்கட்டுக் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கீழே திரையில், துணி அறையில் திடீரென்று முளைத்த பச்சைப் புள்ளி ஓடத் தொடங்கியதைப் புள்ளி சார் பார்த்தாராம். பார்த்ததும் மேலே போன் போட்டு, வருகிறது, கதவைத் திறந்து வையுங்கள் என்றாராம். அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. பம்ப் வேலையை எடுத்துக்கொண்ட பிறகும் மருந்து தள்ளிக்கொண்டிருந்த நர்சின் கட்டைவிரல் நிமிரவில்லை.

பையன் நேற்று தண்ணீர் கேட்டான். இன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். யாருக்கு நன்றி சொல்வது என்று அவன் அப்பா கேட்டார். கடைசியில் பம்பைத் தொட்டு, "ரொம்ப நன்றிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

கடிதத்துக்கு முடிவு வேண்டும்.

பேட்டரி தானாகத் தீர்ந்தது என்று எழுதலாம். (பம்பும் தானாக நடந்து போய்ப் போர்வைக்குப் பின்னால் ஒளிந்ததா?)

எல்லாம் அவள் வேலை, யாரும் சொல்லவில்லை என்று எழுதலாம். அவள் வேலை போகும். அது பரவாயில்லை. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பொய்யான பதில்.

அலுவலகத்தார் மனமுருகி இரண்டாம் மாடிக்கென்றே ஒரு பம்ப் ஒதுக்குகிறார்கள் என்றும் எழுதினேன். எனக்கே திகட்டியது. அடித்துவிட்டேன்.

உள்ளதை உள்ளபடி எழுதலாம். "எடுக்கச் சொன்னவர்"

6

இவ்வளவு நேரம் 'நீங்கள்' என்று யாரிடம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அக்கா.

காலை எட்டு மணிக்கு, ட்யூட்டி மாறும் நேரத்தில், இந்தப் பதிவேட்டை உங்கள் கையில் கொடுப்பேன். நான் எழுதியதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. ஆறு நோட்டுக்கும், என்ன எழுதுகிறாய் என்று கேட்காததற்கும், பிடித்துக்கொண்ட கதவுக்கும் நன்றி. வாய்விட்டுச் சொல்ல வராது. எழுதத்தான் வரும்.

எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அந்த வெற்றுப் பையோடு நீங்கள் வந்தது பம்பை மேலே கொண்டுபோகவா, வேறு இடத்தில் ஒளிக்கவா? கொண்டுபோகத்தான் என்று நம்புகிறேன். நான் நம்புவதை எழுதினால் அது கதை. நடந்ததை எழுத உங்களால்தான் முடியும். பத்து மணிக்கு நான் கொடுக்கும் தாளில் நீங்கள் எழுதுவதுதான் இருக்கும்.

மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டேன். நான்காவது உங்களுக்கு. பேனாவை நடுவில் வைத்திருக்கிறேன்.

தேடிய பொருள்: பம்ப், நம்பர் பதினேழு.
தேடியவர்: மூன்றாம் மாடி.
நேரம்: செவ்வாய், காலை 10.40.
கிடைத்த இடம்: