மேம்பாலத்தில் மூச்சு வாங்கிய பிக்கப்

நூலகருக்கு வாழ்க்கையில் இரண்டே பயம். ஒன்று, வண்டி ஓட்டுவது. இன்னொன்று, அவருடைய மனைவியும் தங்கையும் ஒரே இடத்தில் நிற்பது. முதல் பயத்துக்கு வழி இருந்தது. மனைவி நன்றாக ஓட்டுவாள். நர்சரி வைத்திருக்கிறவள், பதினேழு வருஷத்துப் பழைய பிக்கப்பில் ஊரெல்லாம் செடி கொண்டுபோய் இறக்குகிறவள். இரண்டாவது பயத்துக்குத்தான் பதினான்கு மாசமாக வழியே பிறக்கவில்லை.

சண்டை ஓர் எலுமிச்சைச் செடியால் வந்தது. தங்கை புதிதாக மெக்கானிக் கடை திறந்தபோது வாசலில் வைக்கச் சொல்லி மனைவி கொடுத்த செடி. ஒரே மாதத்தில் அது காய்ந்து போயிற்று. "கொடுக்கும்போதே அதுக்கு உயிர் இல்ல" என்றாள் தங்கை. "செடி வளர்க்கத் துப்பில்லாதவங்க பிளாஸ்டிக்ல வாங்கி வெச்சுக்கணும்" என்றாள் மனைவி. சொன்னது பத்துப் பேர் முன்னால். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

இந்த நிலைமையில்தான் பிக்கப் படுத்துக்கொண்டது. படுத்துக்கொண்டது என்றால் ஒரேயடியாக இல்லை. காலையில் கிளம்பும்போது சமர்த்தாக இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பெருமூச்சு விடுமே தவிர வேகம் பிடிக்காது. ஒருநாள் மேம்பாலத்தில் ஏறும்போது சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் அவர்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "தள்ளி விடணுமாம்மா?" என்று வேறு கேட்டார்.

போதாததற்கு வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம். முதல் மூன்று நாள் மனைவி நூலகரின் சாப்பாட்டு டப்பாவைச் சந்தேகப்பட்டாள். நாலாம் நாள் நூலகரையே சந்தேகப்பட்டாள்.

"சத்தியமா நான் இல்லம்மா" என்றார் அவர். "காலடியில வேற சுடுது. செருப்பு உருகிடும் போல."

அவள் ஏர் ஃபில்டரை மாற்றினாள். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் பேச்சைக் கேட்டு டேங்கில் ஏதோ ஒரு பாட்டில் மருந்தையும் ஊற்றினாள். பிக்கப் எதையும் சட்டை செய்யவில்லை. சனிக்கிழமை ஒரு புது ஓட்டலுக்கு இருபது பெரிய தொட்டிகள் போய்ச் சேர வேண்டும். ஓட்டலோ மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே, "உங்க தங்கச்சி கடை எத்தன மணிக்குத் திறக்கும்?" என்றாள். நூலகர் கையிலிருந்த டம்ளர் நழுவாமல் தப்பியது பெரிய விஷயம்.

கடையில் தங்கை ஒரு காரின் அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் கிரீஸ். பிக்கப்பைப் பார்த்தாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கல்லாக உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள், பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்குன்னு கேளுண்ணா."

அண்ணி மூன்றடி தூரத்தில்தான் இருந்தாள். காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நூலகர் ஜன்னலிடம் போய், நூலகத்தில் பேசிப் பேசிப் பழகிப்போன அந்தக் கிசுகிசுக் குரலில், "எப்பலேர்ந்துன்னு கேக்கறா" என்றார்.

"மூணு வாரமான்னு சொல்லுங்க."

"மூணு வாரமாம்."

"இன்ஜின் நடுக்கம் ஏதாவது இருந்துச்சான்னு கேளு."

"அது ஆறு மாசமாவே திக்கித் திக்கித்தான் ஓடுதுன்னு சொல்லுங்க."

"ஆறு மாசமா பாத்துக்கிட்டு சும்மா இருந்தாங்களான்னு கேளு."

இதை நூலகர் கேட்கவில்லை. "நடுக்கம் இருந்தா கவனிக்கணுமாம்" என்று பாதியைத் தானே விழுங்கிவிட்டார்.

தங்கை வண்டியை ஜாக்கில் தூக்கி அடியில் போனாள். புகைக்குழாயில் இருந்த ஒரு சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் மீட்டரைத் திருகி, அண்ணனிடம் "ரேஸ் பண்ணச் சொல்லு" என்றாள். அண்ணி மிதித்தாள். முள் விருட்டென்று சிவப்புக்குத் தாவியது.

"சந்தேகமே இல்ல. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு. புகை வெளிய போக வழியில்ல."

நூலகர் ஜன்னலுக்கு வந்தார். "கேட்டலாக்ல ஏதோ அடைச்சிருக்காம்."

"கேட்டலாக் உங்க லைப்ரரிலதான இருக்கும்? வண்டில ஏது?"

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பி, உடனே இருமலாக மாறியது. மனைவியின் உதடும் ஒரு பக்கமாகக் கோணியதை நூலகர் பார்த்தார்.

"நம்பிக்கை இல்லன்னா காட்டறேன்னு சொல்லுண்ணா" என்றாள் தங்கை. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்த இணைப்பின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டாள். "இப்ப புகை அடைப்புக்கு முன்னாடியே வெளிய போயிடும். மேம்பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போவோம். கண்ணாடியெல்லாம் இறக்கிடணும்."

மூன்று பேரும் முன் சீட்டில். நடுவில் நூலகர், இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, கியருக்கு இடம் விட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டு. மனைவி சாவியைத் திருப்பினாள்.

அப்படி ஒரு சத்தத்தை நூலகர் தன் ஆயுளில் கேட்டதில்லை. தெருவில் போனவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் துணியை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். மேம்பாலம் வந்தது. பிக்கப் அதில் ஏறவில்லை, பாய்ந்தது.

"மிதிக்கச் சொல்லுண்ணா!" என்று தங்கை கத்தினாள்.

நூலகர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன சொல்றா?" என்று மனைவி கத்தினாள்.

அவர் மறுபடியும் முயன்றார். இருபத்தைந்து வருஷம் 'உஷ்' என்று மட்டுமே சொல்லிப் பழகிய தொண்டை. சுத்தமாகக் கை விரித்துவிட்டது.

தங்கை பொறுமை இழந்து அண்ணனின் தலைக்கு மேல் எட்டிக் கூவினாள். "அண்ணி! இன்னும் மிதிங்க! மூணாவது கியர்லயே ஏறும்!"

"ஏறுதுடி! பறக்குது!"

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

"அப்ப அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் குழாய வெச்சிடேன்!"

"செடி வளர்க்கறவங்க கேக்கற கேள்வியா இது? விஷப் புகை அண்ணி! என் கடையில அந்த வேலை நடக்காது!"

பாலத்தின் உச்சியில் மனைவி ஒரு நொடி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவே அந்தச் செடிக்கு என்னடி ஆச்சு?"

"தண்ணி ஊத்த மறந்துட்டேன் அண்ணி!" அவ்வளவு சத்தத்திலும் தங்கையின் முகம் சிறுத்துப் போனது. "ஒரு மாசம்! ஒரு சொட்டு ஊத்தல! உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல!"

"நானும் பத்துப் பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடி!"

இரண்டு மன்னிப்புகளும் நூலகரின் வலது காதிலும் இடது காதிலும் அடுத்தடுத்து வெடித்தன. அவருக்குக் கண் கலங்கியது. புகையால்தான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் தங்கை கன்வெர்ட்டரை இறக்கி விளக்கடித்துக் காட்டினாள். தேன்கூடு மாதிரி இருக்க வேண்டிய உள்பக்கம் உருகி, கட்டிபட்டு, ஓட்டையே தெரியாமல் கிடந்தது. "இது தானா கெடல. ஒரு சிலிண்டர்ல இக்னிஷன் காயில் போயிருக்கு. எரியாத பெட்ரோல் இங்க வந்து எரிஞ்சு இதை உருக்கிடுச்சு. காயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் மாத்தாம புதுசு போட்டா, அதுவும் இதே கதிதான்."

"அந்த நடுக்கம் வந்தப்பவே உன்கிட்ட கேட்டிருக்கணும் நான்" என்றாள் மனைவி. தங்கை ஒரு ஸ்டூலை அண்ணி பக்கம் நகர்த்திப் போட்டாள். அன்றும் மறுநாளும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், பத்தாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டைக் கொடுத்தாள், அதற்கும் திட்டு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை புது கன்வெர்ட்டர் வந்து மாட்டியாயிற்று. சனிக்கிழமை இருபது தொட்டிகளோடு பிக்கப் பாலம் ஏறியது, பூனை மாதிரி சத்தமில்லாமல். தங்கையும் கூட வந்திருந்தாள். முன் சீட்டில் இருவருக்கும் பேச அவ்வளவு இருந்ததால் நூலகரைப் பின்னால் தொட்டிகளோடு ஏற்றிவிட்டார்கள். ஓட்டல் வாசலில் அவர் ஒரு தொட்டியைத் தூக்க முயன்று மூச்சு முட்ட நின்றார்.

"உங்க அண்ணன் தூக்கற லட்சணத்தப் பாரு" என்றாள் மனைவி.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் அண்ணி" என்று தங்கை தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.