நாலாம் கொட்டடியில் ஒற்றைக் கோடு

அந்தக் குதிரை ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பளிச்சக்கா என்றால்தான் தெரியும். பதினேழு வருஷமாகக் கொட்டடி கழுவுகிறாள். சாணத்தை வாரி, சோப்பு நுரை விட்டுத் தேய்த்து, அலசி, கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர் தெளித்து, மறுபடி அலசிவிட்டு அவள் வெளியே வரும்போது சிமெண்டுத் தரை பளிச்சென்று இருக்கும். "தரையில சோத்தக் கொட்டிச் சாப்பிடலாம்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். தற்பெருமைதான். முழங்கால் தேயத் தேய்த்தவளுக்கு அந்த அளவுகூட இல்லையென்றால் எப்படி?

அப்பேர்ப்பட்டவளுக்கு மூக்கறுபட்டது துணிக்காரம்மா வந்த பிறகுதான். பரிசோதனைக்கூடத்து அம்மாள் அவள். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணியால் தரை, சுவர், தண்ணீர்த் தொட்டி, சாக்கடை மூடி என்று ஓர் இடம் விடாமல் தேய்ப்பாள். அந்தத் துணியைக் கிருமி வளர்வதற்கான சத்துநீரில் போட்டு, இளஞ்சூட்டுப் பெட்டியில் ஒரு நாள் வைப்பாள். மறுநாள் அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் கால் மணி நேரத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் சுத்தம். இரண்டு என்றால் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கிறது. முன்பெல்லாம் இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நாள் தவம் கிடக்க வேண்டும்.

"வீட்டுல ரெண்டு கோடு வந்தா தலைகால் புரியாம ஆடுவாங்க. இங்க வந்தா எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க" என்று பளிச்சக்கா கிண்டலடிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் வீட்டில் ஒரு நாளும் இரண்டு கோடு வந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வாரம் நாலாம் கொட்டடியில் வயிற்றுப்போக்கோடு கிடந்த கிழட்டுக் குதிரை ஒன்று தேறி வீட்டுக்குப் போனது. பளிச்சக்கா கழுவினாள், துணிக்காரம்மா தேய்த்தாள். இரண்டு கோடு. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "என்னம்மா, கண்ண மூடிட்டுக் கழுவினீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மத்தியானமே அவளுடைய அண்ணன் வண்டியில் வந்து சேர்ந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவர் அவர். அண்ணி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அண்ணி தன் கையால் ஊட்டி வளர்த்த பெண் குதிரை, நாள் நிறைவதற்கு மூன்று வாரம் முந்தியே குட்டி போட்டுவிட்டது. எழுந்து நின்று பால் குடிக்கக்கூட அந்தக் குட்டிக்குத் தெம்பில்லை. வண்டிக்குள் தாய்க்குப் பக்கத்தில் அண்ணன் மடியில் தலை வைத்துக் கிடந்தது, காது மட்டும் அசைந்தது.

"உங்க அண்ணி இருந்திருந்தா இது பொறந்ததுக்கு ஊரையே கூட்டியிருப்பா" என்றார் அண்ணன். குட்டியின் காதைத் தடவிக்கொடுத்தார்.

தாயும் குட்டியும் சேர்ந்திருக்கும்படியான பெரிய கொட்டடி அங்கே இரண்டுதான். ஒன்று காலியில்லை. மற்றது நாலு. அது சுத்தமாகாவிட்டால் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும், வழியிலேயே குட்டி போய்விடும் என்றார் டாக்டர். அதுவரை நடையில் மெத்தை போட்டுக் குட்டிக்கு ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள்.

பளிச்சக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நாலாம் கொட்டடிக்கு ஓடினாள். சாயங்காலம்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கழுவினாள். சாக்கடை மூடியைக் கழற்றி, சுவரும் தரையும் சேரும் இடுக்கைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினாள். மறுநாள் காலையில் தரை நன்றாகக் காய்ந்திருந்தது. துணிக்காரம்மா வர அரை மணி இருந்தது. அப்போதுதான் மனசு கேட்கவில்லை. இடுக்கில் ஏதாவது மிச்சமிருந்தால்? வாளியில் மருந்துத் தண்ணீரைக் கலந்து, துணிக்காரம்மா தேய்க்கும் இடமாகப் பார்த்து இன்னொரு தடவை துடைத்துவிட்டாள். அலச நேரமில்லை.

'மருந்தை அலசி, தரை முழுதும் காய்ந்த பிறகே துணி எடுக்கவும்' என்று சுவரில் காகிதம் ஒட்டியிருந்தது. துணிக்காரம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக அதை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"என்னக்கா, தரை ஈரமா இருக்கு?" என்றாள் துணிக்காரம்மா.

"சும்மா ஒரு தடவ தொடச்சேம்மா. நீங்க பாத்து கால வைங்க."

துணிக்காரம்மா ஒரு கணம் தயங்கினாள். நடையிலிருந்து டாக்டர் இரண்டாம் முறையாக அவசரப்படுத்தினார். குனிந்து தேய்த்தாள்.

மறுநாள் ஒரே கோடு விழுந்தது. டாக்டரே வந்து, "பரவாயில்லையே, பளிச்சக்கா" என்றார். அண்ணன், "என் தங்கச்சி கழுவின எடம் சார். தைரியமா விடுங்க" என்றார். அதைக் கேட்டு அவளுக்கு மனசு பூரித்துப் போயிற்று.

இரண்டு நாள் எல்லாம் நல்லபடியாக இருந்தது. குட்டி நாலு காலையும் நாலு திசையில் பரப்பிக்கொண்டு எழுந்து நின்றது. மூக்கெல்லாம் பால் நுரையாகத் திரும்பிப் பார்த்தது. பளிச்சக்கா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "போக்கிரி, போக்கிரி" என்று கொஞ்சினாள். மூன்றாம் நாள் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் தண்ணீராகப் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில், வந்த மாதிரியே அண்ணன் மடியில் தலை வைத்துக் கிடந்தது. காது அசையவில்லை.

அவள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார். "உன்னால ஆனத நீ செஞ்சுட்ட. அதோட ஆயுசு அவ்வளவுதான்."

குட்டியின் சாணத்தில் அதே கிருமி இருந்தது. டாக்டர் மேஜையைத் தட்டினார். "இந்தப் பட்டைய நம்பி ஒரு உயிர் போச்சு. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. பழையபடி அஞ்சு நாள் டெஸ்ட்டே போதும்."

துணிக்காரம்மா தலை குனிந்து தன் நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அக்கா, அன்னிக்கு நீங்க தொடச்சது வெறும் தண்ணிதானே?"

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பட்டை பழியைச் சுமந்துகொண்டு குப்பைக்குப் போய்விடும், அண்ணன் எப்போதும்போல அண்ணனாகவே இருப்பார்.

"மருந்துத் தண்ணி" என்றாள்.

துணிக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த ஈரம் துணியில ஏறிட்டா உள்ள கிருமி வளராதுக்கா. இடுக்குல கிருமி இருந்தாலும் பட்டையில ரெண்டாவது கோடு வராது. நானும் கேக்காம விட்டுட்டேன். ஈரத்தப் பாத்தேன், விட்டுட்டேன்."

"எனக்குத் தெரியாதுண்ணே. அது நல்லா இருக்கணும்னுதான்..." என்று அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அண்ணன் அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திரும்பி வெளியே போய்விட்டார்.

தாய்க்குத் தொற்று இல்லை என்று உறுதியாக ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அண்ணன் தினமும் வந்தார், அவளிடம் பேசவில்லை. தாயை வேறிடத்துக்கு மாற்றிய பிறகு, நாலாம் கொட்டடியை அவள் கழுவி, அலசி, பூட்டி, சாவியைத் துணிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டாள். நன்றாகக் காய்ந்த பிறகு துணி எடுத்தார்கள். ஒரே கோடு. அன்றைய கோட்டைப் போலவேதான் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மறுபடி அழுகை பீறிட்டது.

தாயைக் கூட்டிப்போக அண்ணன் கயிற்றோடு வந்தார். நாலாம் கொட்டடி வாசலில் குதிரை நின்றுவிட்டது. உள்ளே பார்த்துக் கனைத்தது. காதை முன்னே வைத்துக் காத்திருந்து, மறுபடி கனைத்தது. அண்ணன் கயிற்றை இழுக்கவில்லை. அது ஓயும்வரை நின்றார்.

பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மடி கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் இருக்கு. என்னைத் தொட விடமாட்டேங்குது. உங்க அண்ணிக்கு அப்புறம் உன்னத்தான் விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் பால எறக்கி விடு."

"கைய நல்லாக் கழுவிட்டு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"வந்துடறேண்ணே" என்றாள்.