வெள்ளைப் புள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டில் ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி முதலாளி சுயம்புலிங்கம், விரலால் தொட்டால் வேலை செய்யும் திரை ஒன்றைச் சென்னையில் வாங்கி வந்துவிட்டு, அதற்குப் புரோகிராம் எழுத என்னைக் கூப்பிட்டார். மாட்டை வாங்கிவிட்டுத் தொழுவத்துக்கு இடம் தேடுகிற ஆள்.

வேலை இதுதான். தறியிலிருந்து வரும் வெளுக்காத பழுப்புத் துணியை விளக்கு மேஜையில் ஓட்டிப் பார்க்கும் பெண்கள், பழுது கண்ட இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பார்கள். இனி அந்தப் புள்ளியைத் திரையில் வைக்க வேண்டும். மேஜையில் துணி நகர நகர, திரையில் அதன் படமும் நகரும். பழுது இருக்கும் இடத்தைத் தொட்டால் சிவப்புப் புள்ளி விழும். எந்தத் தறியின் துணி என்பதும் கூடவே பதிவாகும்.

முதலில் நான் வரைந்த பட்டன்கள் சுண்டைக்காய் அளவு. துணி பார்க்கும் வேலுத்தாய் அக்கா ஒன்றைத் தொட்டால் மூன்று அமுங்கின. எரிச்சலை அடக்கிக்கொண்டு இட்லி அளவுக்குப் பெரிதாக்கினேன். வலது கை துணியை நீவிக்கொண்டே இருப்பதால் பட்டன்களை இடப்பக்கம் மாற்றினேன். புள்ளியை அழிக்கவும் ஒரு பட்டன் வைத்தேன். அதை மட்டும் முதலாளி எடுக்கச் சொல்லிவிட்டார். வைத்த புள்ளி வைத்ததுதானாம். வாரத்தில் பத்துப் புள்ளி விழுந்தால் அந்தத் தறிக்காரர் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதானாம். எனக்கு அது பிடிக்கவே இல்லை. சம்பளம் தருகிறவர் சொல்லும்போது என்ன செய்ய, எடுத்தேன்.

மறுவாரம் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. கம்ப்யூட்டர் வந்ததும் நெசவே திருந்திவிட்டதென்று முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நான் போய் விளக்கு மேஜையருகே நின்றேன். மேஜையில் ஓடிய துணியில் எண்ணெய்க் கறை என் கண்ணுக்கே தெரிந்தது. வேலுத்தாய் அக்கா கறையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், துணியை நகர்த்திவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். கண் தெரியலையா அக்கா என்று கடுப்பாகவே கேட்டேன். அவள் தூக்குவாளியை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சாக்பீஸ் புள்ளின்னா, வச்சவுடனே தறிக்காரவியளக் கூப்பிடுவோம் பாப்பா. கறைன்னா காயுறதுக்குள்ள சோப்புப் போடுவாக. இழை அறுந்திருந்தா ஊசியால கோத்துருவாக. சரியாப்போனா புள்ளியத் தட்டிவிட்டுருவோம். நீ செஞ்ச புள்ளி போகவே மாட்டேங்கு. பதினாலாம் தறி எங்க வீட்டு அவிய ஓட்டுத தறி. நான் எப்படி வைக்க?"

நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பொம்பளைகளுக்குத் தைரியம் இல்லை, நானே உட்கார்ந்து காட்டுகிறேன் என்று மேஜைக்கு வந்துவிட்டார். அப்போது ஓடியது பதினாலாம் தறித் துணி. தறிக்காரர் ஐயாதுரையும் கையைத் துடைத்துக்கொண்டு மனைவி வேலுத்தாய் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

இப்படித்தான் தொடணும் என்று முதலாளி விரலை நீட்ட, நல்ல துணியின்மேல் ஒரு புள்ளி விழுந்தது. ஐயையோ என்று தோளில் கிடந்த துண்டால் திரையைத் துடைத்தார். துண்டு பட்ட இடமெல்லாம் புள்ளி. இன்னும் அழுத்தித் துடைத்தார். அம்மை போட்டதுபோல் திரை முழுக்கச் சிவந்துவிட்டது. பத்தெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

அழிம்மா என்றார். அழிக்கத்தான் பட்டன் இல்லையே என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். ஆனால் திரும்பினால், வேலுத்தாய் அக்கா புருஷனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் சந்தோஷம் அப்படியே வடிந்துபோயிற்று.

முதலாளி, ஐயாதுரையின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, நீ நினைச்ச மாதிரியே செய்யி என்றார்.

அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டு, புதிதாக எழுதினேன். லேசாகத் தொட்டால் வெள்ளைப் புள்ளி. பழுது சரியானால் மறுபடி தொட வேண்டும், போய்விடும். சரியாகாவிட்டால் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை சிவப்பாக மாறும், அது அழியாது. சிவப்பு பத்தானால் தறிக்காரர் வேலை போகும் என்பதை மட்டும் முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று முதல் திரையில் வெள்ளைப் புள்ளிகள் விழுவதும் மறைவதுமாக இருந்தன. ஒரு மத்தியானம் வேலுத்தாய் அக்கா வெள்ளை வைத்துவிட்டு, "பதினாலு, செத்த வாங்க" என்று குரல் கொடுத்தாள். புருஷன் பேரை அவள் சொல்லமாட்டாள். ஐயாதுரை வந்து பார்த்தார். கறை இல்லை, விரல் நுழைகிற ஓட்டை. ஊசியை எடுத்தார், பார்த்தார், திரும்பப் பையில் செருகிக்கொண்டார்.

"வையி. ஓட்டை ஓட்டைதான?"

அவள் அந்த வெள்ளைப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள். சிவக்கும்வரை எடுக்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்றைக்குக் கறையையே பார்க்காததுபோல் விட்டவள், இன்றைக்கு உன் கையாலேயே வைக்கிறாயே அக்கா என்றேன்.

"அன்னைக்கு வச்சிருந்தா, தண்டனை மட்டுந்தான் குடுத்திருப்பேன் பாப்பா" என்றாள். "இன்னைக்கு முதல்ல அவியளக் கூப்பிட்டேன்லா."