ஆம்புரோஸ் கிளெக்கின் விலை

பிராக்டன் டவுன் கால்பந்து கிளப்பின் தலைவர் ஹெப்டன் பன்றிக்கறிக் கடை முதலாளி. எதையும் அடிமாட்டு விலைக்கு விட்டுப் பழக்கமில்லாதவர். ஓர் ஆட்டக்காரனின் பெயர் அவருடைய கிளப்பில் பதிவாகிவிட்டால் போதும், ஒப்பந்தம் முடிந்தாலும் அவராக விட்டால் ஒழிய வேறு எந்த லீக் கிளப்புக்கும் அவன் ஆட முடியாது. கட்டின பெண்டாட்டியைக்கூட கோர்ட்டுக்குப் போய் விலக்கிவிடலாம், ஹெப்டனை விலக்க எந்தக் கோர்ட்டும் கிடையாது.

வலது ஓரத்தில் ஆடும் ஆம்புரோஸ் கிளெக்குக்கு இது முப்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது. அவன் மனைவி ஹெட்டி பஞ்சாலையில் வேலை பார்த்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். இந்தப் புகையில் இன்னொரு குளிர்காலம் தாங்கமாட்டாள், கடல் காற்றுக்குக் கூட்டிப் போ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நல்லவேளையாகக் கடலோர ஊரான சாண்ட்வேயின் கிளப், வீடும் தருகிறோம் என்று ஆம்புரோஸைக் கேட்டது. அவனை விட்டுக்கொடுக்க ஹெப்டனுக்கு எண்ணூறு பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். ஹெப்டன் ஐயாயிரம் கேட்டார்.

ஆம்புரோஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே போய் நின்றான்.

"முதலாளி, என் விலையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

ஹெப்டன் வெட்டுகத்தியைக் கீழே வைத்தார். "என்னடா பேச்சு இது? உன் அருமை உனக்கே தெரியலையே!"

"சத்தியமா நான் அவ்வளவு பெரிய ஆளு இல்ல முதலாளி. முட்டி தேஞ்சு போச்சு. இடது கால் சும்மா பேருக்குத்தான் இருக்கு."

"ஏய், என் ஆட்டக்காரனைப் பத்தி என் கடையிலயே வந்து மட்டமா பேசுறியா? வேற எவனாவது இப்படிச் சொல்லியிருந்தா பல்லைப் பேத்திருப்பேன்!"

"ஹெட்டிக்கு ரொம்ப முடியல, முதலாளி."

"அடப் பாவமே!" ஹெப்டனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அரைக் கிலோவுக்குக் குறையாமல் சாசேஜ் எடுத்துப் பொட்டலம் கட்டினார். "சூடா வறுத்துக் குடு. நெஞ்சுக்கு இதமா இருக்கும். காசு வேண்டாம், போ."

இனி ஒரே வழிதான். சீசனின் கடைசி ஆட்டத்தில் மோசமாக ஆடி விலையை இறக்குவது என்று ஆம்புரோஸ் முடிவு செய்தான்.

"அது ஒண்ணும் உங்களுக்குக் கஷ்டமில்லையே" என்றாள் ஹெட்டி. சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது, அடங்க வெகு நேரமாயிற்று.

ஆனால் சனிக்கிழமை மைதானத்துக்குள் நுழைந்ததும் ஆம்புரோஸ் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தான். சாண்ட்வேயின் மேனேஜர் ஹெப்டனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நன்றாக ஆடினால் விற்கிறவர் விலையை ஏற்றுவார், மோசமாக ஆடினால் வாங்க வந்தவர் ஓடிவிடுவார். பாவி மனுஷன் என்ன செய்வான்? இரண்டுங்கெட்டானாக ஆடுவது என்று தீர்மானித்தான். ஒரு பந்தை ஒழுங்காகக் கொடுத்தான், அடுத்ததை வேலிக்கு வெளியே அனுப்பினான். "ஏம்பா, தூக்கத்துல நடக்கிறியா?" என்று ஜனங்கள் கத்தினார்கள். அவனுக்குப் பரம திருப்தி.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது பந்து அவன் காலடிக்கு வந்தது. எதிரே நின்றவன் வழுக்கி விழுந்தான். கால் என்ற ஜென்மம் இருக்கிறதே, அதற்கு வீட்டுக் கவலை எதுவும் தெரியாது. ஒருவனைத் தாண்டியது, இன்னொருவனை ஏமாற்றியது, பேருக்கு இருந்த அந்த இடது காலே ஓங்கி ஒரு உதை விட்டது. கோல்! ஊரே எழுந்து குதித்தது. போட்டவன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"எட்டாயிரம்" என்றார் ஹெப்டன். சாண்ட்வே மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டில் ஆம்புரோஸ் ஹெட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான். "மன்னிச்சிரும்மா. கால் கேக்கல."

"கேட்டிருந்தா நீங்க நீங்களா இருந்திருக்க மாட்டீங்க" என்றாள் அவள்.

அந்த வாரமே ஆம்புரோஸ் ஆட்டத்தையே விட்டான், இருவரும் சாண்ட்வேக்குக் குடிபோனார்கள். அங்கே அவனுக்குக் கடற்கரையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடும் வேலை கிடைத்தது. அதற்கு ஹெப்டனின் அனுமதி தேவையில்லை. அவரோ கிளெக் இன்னும் என் ஆள்தான் என்று ஒவ்வொரு மே மாதமும் பதிவைப் புதுப்பித்து, விலையையும் ஏற்றிக்கொண்டே போனார். "ரெண்டு வருஷமா அவன் ஒரு பெனால்டிகூடத் தவறவிட்டதில்லையே!" என்று வாதாடினாராம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. இரண்டு தெரு தள்ளியிருந்த சாண்ட்வே கிளப்பின் மைதானத்திலிருந்து பெரிய இரைச்சல் எழுந்து, பிறகு ஏமாற்றத்தில் அடங்கியது. வலது ஓரத்தில் எவனோ பந்தைக் கோட்டை விட்டிருக்கிறான் என்று ஆம்புரோஸுக்குப் புரிந்தது. நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கை ஓடவில்லை.

கடற்கரை நெடுக நடந்துவிட்டு வந்த ஹெட்டி, மூச்சு வாங்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னம் ஆரோக்கியமாகச் சிவந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அழுதுடுங்க" என்றாள். "இங்க யாரும் டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கல."

அவன் அழுதான்.