மரணப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து

காஜா பெராங் ஊர் மரணப் பதிவு அறையில் ஏடு எழுதும் கிராணிகள் இரண்டு பேர். கூட்டமெல்லாம் அப்பாசாமியின் மேசைக்குத்தான் போகும். மூத்தவரான நல்லையா ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். சாவைச் சொல்ல வருகிறவர்கள்கூட ஆள் பார்த்து வருகிறார்களே என்று அவருக்கு வயிறு எரிந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர் அவர். அவனோ ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தலைமைக் கிராணி வேலை காலியாகக் கிடந்தது. அதுவும் அவனுக்கே போய்விட்டால் ஊரில் முகத்தை எப்படிக் காட்டுவது?

ஒருநாள் இரண்டு ஏடுகளையும் புரட்டி எண்ணினார். ஜப்பான்காரன் வந்த ஒன்றரை வருடத்தில் அவர் எழுதியதில் தற்கொலை ஒன்பது, அடிபட்டுச் செத்தவர்கள் பதினொரு பேர். அப்பாசாமியின் ஏட்டில் இரண்டுமே பூஜ்யம். முக்கால்வாசியும் காய்ச்சல்.

“அகப்பட்டாயடா தம்பி!” என்று உள்ளுக்குள் குதித்தார். அழகாகக் கோடு போட்டு, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஜப்பானிய அதிகாரியிடம் நீட்டினார்.

ஏட்டையே தொட்டுப் பாராத அதிகாரிக்கு அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது. எழுந்து வந்து நல்லையாவின் கன்னத்தில் விட்டான் ஓர் அறை. எங்கள் ஆட்சியிலா இத்தனை பேர் இப்படிச் சாகிறார்கள்? அப்பாசாமியின் ஏடுதான் சரி, இன்றைக்கே அவன்தான் தலைமைக் கிராணி, உன்னுடைய இருபதையும் காய்ச்சல் என்று திருத்து என்றான்.

வீங்கிய கன்னத்தோடு வந்து உட்கார்ந்தவரிடம் அப்பாசாமி தன் ஏட்டை விரித்தான்.

“அண்ணே, காய்ச்சல்னு எழுதினா வீட்டுக்காரங்கள விசாரணைக்கு இழுத்துட்டுப் போக மாட்டாங்க. அதுக்குத்தான். ஆனா செத்த எடத்த நான் மாத்துறதே இல்ல. பின்னால யாராச்சும் எண்ணிப் பாப்பாங்க.”

நல்லையா எண்ணாமல் விட்ட பத்தி அது. காய்ச்சல், ரம்புத்தான் மரத்தில். காய்ச்சல், கிணற்றுக்குள். காய்ச்சல், ராணுவப் போலீஸ் விசாரணை அறையில். அது மட்டும் பத்தொன்பது தடவை.

பேனாவை எடுத்தார். புக்கிட் ரம்பாயைச் சேர்ந்த சிவகாமசுந்தரி, வயது இருபத்திரண்டு. ‘தூக்கு’ என்பதை அடித்துவிட்டுக் ‘காய்ச்சல்’ என்று எழுதினார். இடம்: சமையலறை உத்தரம். அந்தப் பெண்ணை நினைத்து அவர் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. இந்த யோசனை நமக்குத் தோன்றாமல் இவனுக்குப் போய்த் தோன்றியதே என்றுதான் மனம் பொருமியது.