பைக்குள் போன பக்கங்கள்

1

இந்தக் கதை என் யோசனை அல்ல, மாலை வகுப்பின் உத்தரவு. ஷில்லாங் பக்கத்து மலைப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் இந்த ஞாயிறு தாராவிக்கு வருகிறார்கள். இரண்டு ஊருக்கும் எப்படி நட்பு உண்டாயிற்று என்று எழுதி நான் மேடையில் வாசிக்க வேண்டும்.

"ஆரம்பம் கம்பீரமா இருக்கட்டும், நூர் நிஷா," என்றார் வெங்கடேஸ்வரன் சார். மாட்டுங்காவிலிருந்து வந்து எங்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறவர்.

முதல் முயற்சி: 1985ஆம் ஆண்டு, அன்பு என்னும் பாலம் பிரம்மபுத்திராவைக் கடந்து—

(அடித்துவிட்டேன். கடந்தது ஒரு பார்சல்.)

2

நடந்தது இது. அபுதாஹிர் மாமாவின் பட்டறையில் பள்ளிப் பைகள் தைக்கிறோம். பை நசுங்காமலிருக்க, பழைய பேப்பர் விற்கும் ரத்திக் கடையில் வாங்கிய காகிதத்தைக் கசக்கி உள்ளே திணிப்போம். வெங்கடேஸ்வரன் சார் எங்களைத் தினம் ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் டைரி எழுதச் சொல்லியிருந்தார். பிழையான பக்கங்களைக் கிழித்து அந்தக் குவியலில் போட்டேன். (பிழையில்லாத பக்கம் அந்த மாதம் ஒன்றுதான்.) அவை அந்த மலைப் பள்ளிக்குப் போன நாற்பது பைகளுக்குள் மலையேறின. பிள்ளைகள் கசங்கலை நீவிப் படித்துவிட்டு, பட்டறை முகவரிக்குக் கடிதம் போட்டார்கள்: "ஹபீபா இன்னும் பாடுகிறாரா? மற்றப் பக்கங்கள் எங்கே?"

ஹபீபா என் பக்கத்து மிஷின். என் ஒரே தோழி. நான் எழுதியிருந்தது: "ஹபீபா நாள் முழுக்கப் பாடுகிறாள். மிஷின் கிறீச்சிட்டால் எண்ணெய் விடலாம். இவளுக்கு எங்கே விடுவது?"

3

பெயரை மாற்றிப் பார்த்தேன். 'சொர்ணம்மாள் நாள் முழுக்க'— பயனில்லை. பிள்ளைகள் வந்து இறங்கியதும் ஹபீபாவைத்தான் தேடுவார்கள். கடிதங்களை அவளுக்குச் சொல்லும்போதெல்லாம் "ஒனக்கு சலாம் சொல்லிருக்காவ" என்பதோடு நிறுத்திக்கொண்டவள் நான்.

முடிவு அ: உண்மையை எழுதுகிறேன். ஹபீபா தன் மிஷினை என் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் மாற்றிக்கொள்கிறாள்.

முடிவு ஆ: பையின் தையலைப் பாராட்டிக் கடிதம் வந்தது என்று எழுதுகிறேன். மாமாவுக்குச் சந்தோஷம். ஞாயிறு வரை எனக்கும்.

4

முடிவு இ எழுதுவதற்குள் ஹபீபாவே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் படித்தது இந்திப் பள்ளியில்; தமிழ் எழுத்து ஓடாது.

"என்னட்டி, ஒரு வாரமா கிறுக்குத? எம்பேரு வருதா?"

"வருது."

"வராம? சும்மாவா அம்புட்டுப் புள்ளைகளும் எனக்கு சலாம் சொல்லுதாவ? நீ என்னப்பத்தி நல்லதா எழுதி விட்டிருக்க. அதுக்குன்னே ரெண்டு பாட்டு பழகி வச்சிருக்கேன்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"வாசி. மொதல்லேருந்து. ஒரு வரி விட்டுறக்கூடாது."

வாசித்தேன். பாலம் வந்த இடத்தில் சிரித்தாள். பைகள் மலையேறின, கடிதமும் வந்துவிட்டது. "இரு, ஒரு பிழையத் திருத்திக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு இதை உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வரியை நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் இன்னும் கேட்கவில்லை.

"ம், பாடுதேனான்னு கேட்டாவ. நீ என்ன எழுதிருந்த?"

பேனா அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. அடிக்கவா, வாசிக்கவா? சீக்கிரம் சொல்லுங்கள். அவள் எட்டிப் பார்க்கிறாள்.